உருண்டை எழுத்தில் வந்த கடிதம்

என் மனைவிக்கு வந்த இரண்டு கடிதங்களை நான் விளம்பரத் தாள்கள் போடும் பையில் போட்டுவிட்டேன். மூன்றாவது கடிதம் வந்து விஷயம் தெரிந்தபோது நான்கு மாதம் போயிருந்தது. இப்போது அவள் இல்லை. அந்த நான்கு மாதம் முன்னதாகவே தெரிந்திருந்தால் இருந்திருப்பாளா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. டாக்டராலும் முடியவில்லை. நானும் என் மகளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டு அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தமிழ் நன்றாகப் படிப்பேன். கையில் கிடைத்த தாளையெல்லாம் படித்துப் பழக்கம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகள் எல்லாம் தெரியும், சின்ன எழுத்துகளில் பாதி தெரியும். என் பெயர், மனைவியின் பெயர், மகளின் பெயர், தெருவின் பெயர் இவற்றைப் படம் பார்ப்பது போலப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வேன். டெக்சாஸில் இர்விங் என்ற ஊரில் ஒரு தென்னிந்திய உணவகத்தில் பதினெட்டு வருடமாகத் தோசைக்கல்லின் முன்னால் நிற்கிறேன். அந்த வேலைக்கு இந்தப் படிப்பு போதுமாக இருந்தது. கம்ப்யூட்டர் அடித்துத் தரும் ஆர்டர் சீட்டில் எழுத்து எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். எழுத்துக் கூட்டுவதற்கு முன்பே கை மாவை எடுத்துவிடும்.

வீட்டுக்கு வரும் தபால் அப்படி இல்லை. அதில் தாளுக்குத் தாள் எழுத்து உருவம் மாறும். ஆங்கிலச் சின்ன ஏ என்ற எழுத்து ஒரு தாளில் ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு கோடுமாக இருக்கும். இன்னொரு தாளில் தலைக்கு மேல் கொக்கி வளைந்து, வயிறு சிறுத்து, காலில் ஒரு வால் வைத்து நிற்கும். இரண்டும் ஒரே எழுத்துதான் என்று தெரியவே எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. ஜீயும் அப்படித்தான். ஒன்று தூண்டில் மாதிரி தொங்கும். மற்றது மூக்குக்கண்ணாடியை நிமிர்த்தி வைத்தது மாதிரி இருக்கும்.

என் மகள் எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டுத் தபாலைப் படித்துச் சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கீழே வைத்ததும் அவள் அம்மா அன்றைய உறைகளைக் கொண்டுவந்து முன்னால் வைப்பாள். மகள் பால் குடித்துக்கொண்டே பிரித்துப் பார்த்து, இது குப்பை, இது கரண்ட் பில், இது என் ஸ்கூல்லேர்ந்து என்று பிரித்துப் போடுவாள். அந்த வயதில் மற்ற பிள்ளைகள் விளையாடப் போயிருக்கும். படித்து முடித்து அவள் ஜெர்சி சிட்டிக்கு, ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிறகு தபால் என் கைக்கு வந்தது.

மதியக் கூட்டம் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஐந்து மணிக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அந்த இடைவேளையில், அபார்ட்மென்ட் வாசலில் வரிசையாக இருக்கும் இரும்புப் பெட்டிகளில் எங்களுடையதைத் திறந்து உள்ளதை எடுத்து வருவேன். சொல் தெரியாத நான் எழுத்தின் முகத்தைப் பார்த்துத்தான் பழக வேண்டியிருந்தது. மெலிந்து கறுத்து, ஒவ்வொன்றின் காலடியிலும் சின்னப் பாதம் வைத்து, போலீஸ் அணிவகுப்பு மாதிரி வரிசையாக நிற்பவை சர்க்கார் எழுத்துகள். தடித்துச் சாய்ந்து முன்னால் ஓடி வருபவை பீட்சாக் கடை எழுத்துகள். குழந்தை வரைந்தது போல உருண்டையாக இருப்பவை பல் டாக்டர், நீச்சல் பள்ளி, நாய் குளிப்பாட்டுகிற இடம். இதற்கெல்லாம் ஃபான்ட் என்று ஒரு பெயர் இருப்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு நாள் பழுப்பு உறையில் அமெரிக்க சர்க்கார் முத்திரை மாதிரி கழுகுப் படம் போட்டு ஒரு கடிதம் வந்தது. உள்ளே கறுத்த எழுத்து, பாதம் வைத்த எழுத்து, மேலே பெரிய எழுத்தில் இரண்டு சொல். எங்களுக்கு கிரீன் கார்டு வந்த புதிது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்றே நினைத்தேன். கடிதத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டுப் போன் மேல் போன் போட்டேன். அவள் எடுத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது கார் வாரன்ட்டி விக்கிறவன்பா. நான் மீட்டிங்லேர்ந்து எழுந்து வெளிய வந்திருக்கேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதன் பிறகு நான் பயந்துபோய் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்தேன். பீட்சாக் கூப்பன், புல் வெட்டுகிறவன், ஜிம், எதையும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவள் ஒரு வழி சொன்னாள்.

"அப்பா, லிசன். இப்படி ரவுண்டு ரவுண்டா, க்யூட்டா, கலர்ல எழுதியிருந்தா அது ஆட். பூ, ஸ்மைல் பண்ற லேடி, அதெல்லாம் ஆட். எனக்கு அனுப்ப வேணாம். கறுப்பா, போரிங்கா, டைப் அடிச்ச மாதிரி இருக்கா, அத மட்டும் அனுப்புங்க. ஓகே?"

பின்னால் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த என் மனைவி தலையைத் தூக்காமலேயே சொன்னாள்: "அப்ப உங்கப்பா மொகர மாதிரி இருக்குறத மட்டும் அனுப்பணும்னு சொல்லு."

மூவரும் சிரித்தோம். மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

மகள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஒன்றரை வருடம் அந்த வழி ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை. எனக்கே அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் வந்துவிட்டது. சமையலறையில் என்னைவிடக் குறைவாகப் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் தங்கள் வீட்டு உறைகளைக் கொண்டுவந்து, "போஸ்ட் மாஸ்டரே, இதக் கொஞ்சம் பாரும்" என்பார்கள். நான் மாவுக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்ப்பேன். ஒரு சொல்லும் படிக்காமல், இது வேண்டும், இது வேண்டாம் என்பேன். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசாத எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

எங்கள் முதலாளி அந்த வருடம் மெனு அட்டையை மாற்றினார். முன்பு இருந்தது நேர் நேராக நிற்கும் கம்ப்யூட்டர் எழுத்து. புதியதில் யாரோ தூரிகை பிடித்துக் கையால் எழுதியது மாதிரி எழுத்து, சாணித்தாள் நிறத்தில் அட்டை. அந்த வாரமே, லாஸ் கொலினாஸ் பக்கத்து ஆபீஸிலிருந்து தினமும் சாப்பிட வருகிற ஒருவர் சமையலறை ஜன்னலில் தலையை நீட்டி, "மாஸ்டர், சாம்பார் ரெசிப்பி மாத்திட்டீங்களா? இப்பத்தான் வீட்டு டேஸ்ட் வருது" என்றார். அதே பருப்பு, அதே பொடி, அதே அண்டா. நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எழுத்து ஆளை ஏமாற்றும் என்று எனக்கு அன்றே தெரிந்திருந்தது. மற்றவர்களைத்தான் ஏமாற்றும் என்று நினைத்துவிட்டேன்.

அந்தக் காலத்தில்தான் கோயிலில் மருத்துவ முகாம் போட்டார்கள். என் மனைவி ரத்த அழுத்தம் பார்க்கப் போனாள். அங்கே தொண்டு செய்துகொண்டிருந்த ஒரு ஆன்ட்டி, இவளுக்கு நாற்பத்தெட்டு வயதாகியும் இந்தப் பரிசோதனையை ஒரு தடவைகூடச் செய்ததில்லை என்று தெரிந்ததும், கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கார் நிறுத்துகிற இடத்தில் நின்ற பெரிய வேனில் ஏற்றிவிட்டார். மார்பகத்தைப் படம் எடுக்கிற வேன். படிவத்தையும் அவரே நிரப்பி, என் போன் நம்பரை எழுதினார். முடிவு கடிதத்தில் வரும் என்று சொல்லி அனுப்பினார்.

காரில் வரும்போது என் மனைவி, "சப்பாத்தி பிரஸ்ஸுல வச்சு அமுக்குற மாதிரி அமுக்குறாளுக. இனிமே சாமி கும்புடப் போனமா, பொங்கலத் தின்னமான்னு வந்துடணும்" என்றாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கடிதத்துக்காக நான் காத்திருந்தேன். அதை மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும் மூன்று மணிக்குப் பெட்டியைத் திறக்கும்போது அதைத்தான் தேடினேன். என் மனதில் அதற்கு ஒரு உருவம் இருந்தது. வெள்ளைத் தாள், கறுத்த எழுத்து, கட்டம் போட்ட பட்டியல், கீழே டாக்டர் கையெழுத்து.

வந்தது வேறு மாதிரி இருந்தது. இளம் ஊதா உறை. அதைப் பிரித்தேன். மேலே, என் மனைவி வயதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் கோப்பையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் சிரித்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் எல்லாம் கரைந்த சோப்புக் கட்டி மாதிரி முனை மழுங்கி உருண்டையாக இருந்தன. ஏ என்ற எழுத்து வெறும் வட்டமும் கோடுமாக இருந்தது. மகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனபோது புள்ளிகளின் மேல் பென்சிலால் இழுத்துப் பழகக் கொடுத்த தாளில் இருந்த எழுத்து அதுதான். ஓரத்தில் இளஞ்சிவப்பில் ஒரு ரிப்பன் படம். அந்த ரிப்பனைத் தயிர் டப்பாவிலும் ரொட்டிப் பையிலும் காலுறை அட்டையிலும் பார்த்திருக்கிறேன். ஏதோ கடையின் முத்திரை என்று நினைத்தேன்; மார்பகப் புற்றுநோய்க்கான அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. மனைவியின் பெயர் இருந்தது. ஆனால் பெயர் போட்டு வராத விளம்பரம் இந்த ஊரில் எது?

பார்க்க அழகாக இருந்தது. அதுகூட நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"வந்துச்சா?" என்று மெஷினிலிருந்து கேட்டாள்.

"வரல" என்றேன். சொல்லிக்கொண்டே அதைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய துணிப்பையில் போட்டேன். அவள் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பாள். அளவுத் தாள் வெட்டுவதற்கு அந்த விளம்பரத் தாள்கள் அவளுக்குத் தேவைப்படும்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு ஊதா உறை. முன்பு பார்த்த விளம்பரம்தான் என்று அதைப் பிரிக்கக்கூட இல்லை.

என் போனில் ஒரே நம்பரிலிருந்து சில அழைப்புகள் வந்திருக்கின்றன. வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். விட்டுப்போன அழைப்புகளைத் திரும்பக் கூப்பிட்டால் எதிர்முனையில் மளமளவென்று ஆங்கிலம் கொட்டும். பதிந்துவைத்த பேச்சைக் கேட்டாலும் புரியாது. அதையெல்லாம் நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

என் மனைவி ஒருமுறை, "அந்த ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்" என்றாள். கேட்கிறேன் என்றேன். கோயிலில் அவரை இரண்டு தடவை பார்த்தேன். ஒரு தடவை பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணிடம் போய், என் மனைவியின் மார்புப் பரிசோதனை முடிவு என்ன ஆயிற்று என்று எந்த வாயால் கேட்பது? கையை நீட்டிப் பொங்கலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் வந்து, ஏதாவது இருந்தால் இவ்வளவு நாள் சும்மா இருப்பார்களா, கடிதம் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் என்றேன். அவளும், "அதுவுஞ்சரிதான்" என்றாள்.

நான்காவது மாதம் தபால்காரர் படியேறி வந்து கதவைத் தட்டினார். கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பார்களாம். என் மனைவி தமிழில் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். வெள்ளை உறை. உள்ளே படம் இல்லை, நிறம் இல்லை. டைப் அடித்த கறுத்த எழுத்து, ஒரே பக்கம், கீழே கையெழுத்து. ஒரு சொல்லும் புரியவில்லை. நான் நான்கு மாதமாகத் தேடிய கடிதத்தின் முகம் அதுதான்.

படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா எங்க?"

"பக்கத்துலதான் இருக்கா."

"ஸ்பீக்கர்ல போடாதீங்க. கொஞ்சம் வெளிய வாங்க."

வெளியே வந்தேன்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு லெட்டர் அனுப்பியிருக்காங்களாம். போன் பண்ணியிருக்காங்களாம். வேர் ஆர் தே, அப்பா? அந்த லெட்டர்ஸ் எங்க?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊதா உறை, கோப்பை பிடித்த பெண், எல்லாம் கண் முன்னால் வந்தன. தெரியவில்லை, தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

மறுநாள் அவள் விமானம் ஏறி வந்தாள். விளம்பரத் தாள் பையைக் கூடத்தில் கவிழ்த்துக் கொட்டி முட்டி போட்டு உட்கார்ந்து தேடினாள். இரண்டாவது உறை பிரிக்காமலே கிடைத்தது. முதல் கடிதம் இரண்டு துண்டாக இருந்தது. என் மனைவி அதை மடித்து, ஒரு ரவிக்கையின் பின்கழுத்துக்கு வளைவாக வெட்டியிருந்தாள். ஓரத்தில் யாருடைய அளவோ பென்சிலால் எழுதியிருந்தது. மகள் இரண்டு துண்டையும் தரையில் சேர்த்து வைத்துப் படித்தாள். படத்தில் ஒரு இடம் தெளிவாக இல்லை, இன்னும் சில படங்கள் எடுக்க வேண்டும், பெரும்பாலும் கவலைப்பட ஒன்றும் இருக்காது, சீக்கிரம் கூப்பிடுங்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது. சொற்களும் அந்த எழுத்தைப் போலவே மெத்தென்றுதான் இருந்தன.

அதன் பிறகு நடந்ததை விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. படம் எடுத்தார்கள், ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள், வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள். நோய் எலும்புக்குப் போயிருந்தது. முன்னதாக வந்திருந்தால் எப்படி என்று மகள் டாக்டரிடம் கேட்டாள். அந்த டாக்டர் நல்ல மனுஷி. நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் எதிரே உட்கார்ந்து, உண்மையிலேயே எனக்குத் தெரியாது, சில சமயம் நான்கு மாதத்தில் நிறைய மாறும், சில சமயம் ஒன்றும் மாறாது என்றார். என் மகள் அதைத் தமிழில் எனக்குச் சொல்லவில்லை. ஆனாலும் அது மட்டும் எனக்குப் புரிந்தது.

மருந்து ஏற்றும் அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள் இருக்கும். ஒரு நாள் மகள் காப்பி வாங்கக் கீழே போயிருந்தாள். என் மனைவியின் தலையில் நூல் தொப்பி. கையில் ஊசி. அன்றுதான் நான் அவளிடம் வாய் திறந்தேன். அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தது, விளம்பரம் என்று நினைத்தது, கையில் வைத்துக்கொண்டே வரவில்லை என்று அவளிடம் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நூல் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "வெட்டுனது நாந்தானே. என் கையிலயுந்தான் வந்துச்சு. நானுந்தான் பாத்தேன்" என்றாள்.

"நீ படிக்காதவ."

"நீங்க பெரிய கலெக்டராக்கும்."

சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன். நம்ம பொண்ணுதான் அப்படி எழுத்தப் பாத்துத் தூக்கிப் போடச் சொன்னா. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"அவளுக்கு ஞாபகம் இல்ல. நான் பேச்சுக் குடுத்துப் பாத்துட்டேன். சுத்தமா மறந்துட்டா. நீங்க எந்தக் காலத்துலயும் அத அவகிட்டச் சொல்லிப்புடாதீங்க. நான் போனப்புறமும் அவ நிம்மதியா வாழணும்."

அதற்குள் மகள் காப்பியோடு வந்துவிட்டாள். என்ன பேசிக்கிட்டிருந்தீங்க என்று கேட்டாள். உங்கப்பா ஊருக்குப் போகலாங்கிறாரு என்று என் மனைவி கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள்.

ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் போய்விட்டாள். மகள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் கையைப் பிடித்திருந்தோம். அவள் விரலில் ஊசி குத்திய பழைய தழும்புகள் இருந்தன.

காரியம் முடிந்த மறுநாள் மகள் அந்தப் பரிசோதனை வேனை அனுப்பிய மருத்துவ மையத்துக்குப் போன் செய்தாள். யார் இந்தக் கடிதத்தை இப்படி அச்சடித்தது, இந்த ஃபான்ட்டை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டாள். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். மூன்று பேரிடம் மாற்றிவிட்டு, கடைசியில் பொறுப்பில் இருந்த ஒரு பெண் பேசினார். ஸ்பீக்கரில் கேட்டேன். எனக்குக் கொஞ்சம்தான் புரிந்தது. மீதியை மகள் பிறகு சொன்னாள்.

முன்பு அவர்களும் கறுத்த எழுத்தில், சர்க்கார் கடிதம் மாதிரிதான் அனுப்பினார்களாம். அதைப் பார்த்ததும் பயந்துபோய்ச் சில பெண்கள் படிக்காமலேயே இழுப்பறையில் வைத்துவிட்டார்களாம். பயத்தில் வராமலே இருந்துவிட்டார்களாம். அதனால் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்த எழுத்தைப் பார்த்தால் மனம் பதறாது என்று கேட்டுக் கேட்டு இந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டார்.

யாரோ ஒருவர் ஒரு மேஜையில் உட்கார்ந்து, முகம் தெரியாத என் மனைவி பயப்படக் கூடாது என்று நினைத்து அந்த உருண்டை எழுத்தை எடுத்திருக்கிறார். அது என்னைப் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தாத ஒன்று டாக்டரிடமிருந்து வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மகளின் கோபத்துக்குப் போய்ச் சேர ஒரு இடம் வேண்டியிருந்தது. போனை வைத்துவிட்டு அந்த இரண்டு துண்டுக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அதுல அம்மா பேர் இருக்கு. எப்படி ஆட்னு நெனச்சீங்க? யாரு உங்ககிட்டச் சொன்னா, இப்படி இருந்தா ஆட்னு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் உண்மையாகவே கேட்டாள்.

"யாரும் சொல்லல. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே? ஒரு போட்டோதானே? ஒரே ஒரு போட்டோ. டூ செகண்ட்ஸ்."

"கேட்டிருக்கணும். தப்புத்தான்."

"வொய் டிடின்ட் யூ ஆஸ்க் மீ?"

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எட்டு வயதிலிருந்து எங்களுக்காகப் படித்த பிள்ளை. ஒரே ஒரு தடவை, இதையெல்லாம் எனக்கு அனுப்பாதீங்க என்று சொன்னாள். அதுகூடச் சிரித்துக்கொண்டுதான்.

அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். யார் பெயரையும் எழுதாததும் அதற்காகத்தான். படிக்கிறவர்கள் யாராவது எங்களை அடையாளம் கண்டுகொண்டால், தயவுசெய்து அவளிடம் சொல்ல வேண்டாம். அவளுடைய கோபம் என் மேல் இருக்கிறது. இருக்கட்டும். எனக்கு அது பாரமில்லை. வேறு பக்கம் திரும்பினால் அவள் தாங்க மாட்டாள்.

ஜெர்சி சிட்டிக்குத் திரும்பிப் போகும்போது அவள் ஒரு கட்டளை போட்டாள். இனிமேல் எந்தத் தாளையும் நானாகப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பெட்டியில் எது வந்தாலும் படம் எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும். அப்படியே செய்கிறேன். மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்து, அங்கேயே நின்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். பீட்சா, பல் டாக்டர், மெத்தைக் கடை, தேர்தலில் நிற்கிறவர். அவளிடமிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் பதில் வரும். ஆட். ஆட். பில். ஆட். அந்த ஒரு சொல்லைப் படிக்க எனக்குத் தெரியும். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவாள். இப்போது அது இல்லை. தபால் மட்டும்தான்.

போன வாரம் ஒரு நாள் பெட்டியில் எதுவுமே இல்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். நாலரை மணிக்கு அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "அப்பா, இன்னைக்கு ஒண்ணும் அனுப்பலையே. ஆர் யூ ஓகே?"

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனேன். பெட்டியைத் திறந்து, வெறும் பெட்டியின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கான நீல நிற அடையாளம் உடனே வந்தது. பதில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். அவள் மூச்சை இழுத்து இழுத்து அழுவது கேட்டது. என்னம்மா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் வைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. ஐந்து மணிக்குத் தோசைக்கல்லின் முன்னால் நிற்க வேண்டும். பெட்டிகளின் பக்கத்தில், வெயிலில், போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.